தொண்ணூறு சொல் பாயிரம்

1999 நவம்பரில் அமெரிக்கப் பாடகி பியோனா ஆப்பிளின் இரண்டாவது ஆல்பம் வந்தபோது, மதிப்புரை எழுத உட்கார்ந்தவர்களுக்குப் பாட்டைக் கேட்கும் முன்பே ஒரு சிக்கல். ஆல்பத்தின் பெயரை எழுதி முடிப்பதற்குள் பாதிப் பத்தி தீர்ந்துவிடும். 90 சொற்கள், 444 எழுத்துகள். ஒரு முழுக் கவிதையையே தூக்கிப் பெயர் என்று வைத்திருந்தார். சதுரங்கச் சிப்பாய் ஒருவன் ராஜாவைப் போல யோசித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறான். மேடை ஏறுமுன்பே ஜெயித்தும் விடுகிறான். விழுந்தாலும் பாதகமில்லை, தன் பக்கம் நியாயம் இருப்பது அவனுக்குத் தெரியும். சுருக்கிச் சொன்னால், நீங்கள் என்ன எழுதினாலும் எனக்குக் கவலையில்லை என்கிறது அந்தக் கவிதை. கவலையில்லாதவர் அதைச் சொல்ல 90 சொல் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பலர் சிரித்தார்கள். உலகிலேயே நீளமான ஆல்பம் பெயர் என்ற பெருமை வேறு சில ஆண்டுகள் அதற்கு இருந்தது. அதுவும் கேலிக்குத்தான் உதவியது.

எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். பாட்டுகள் அதைவிடப் பிடிக்கும் என்றாலும், முதலில் என்னை நிறுத்தியது பெயர்தான். அது எப்படி வந்தது என்பதிலும் ஒரு ருசி இருக்கிறது.

முதல் ஆல்பம் 1996-இல் வந்தது. அப்போது அவருக்கு 18 வயது. அமெரிக்காவில் மட்டும் அதன் விற்பனை முப்பது லட்சத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், இருபது வயது நிறைய ஒன்பது நாள் இருக்கையில், எம்டிவி விருது மேடையில் புதுமுகத்துக்கான விருதை வாங்கிக்கொண்டு, இந்தப் பளபளப்பெல்லாம் வெறும் புரட்டு, எங்களைப் பார்த்து உங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார். விருதைக் கையில் பிடித்துக்கொண்டு விருதுக்காரர்களைத் திட்டினால் உலகம் சும்மா விடுமா? நகைச்சுவைக்காரர்கள் நடித்துக் காட்டினார்கள். உம்மணாமூஞ்சி, நன்றிகெட்டவள், நாடகக்காரி என்று பட்டங்கள் குவிந்தன. பிறகு 'ஸ்பின்' பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை. அதைப் படித்த வாசகர்கள் அவரை வறுத்தெடுத்துக் கடிதம் எழுத, பத்திரிகை அவற்றையும் அச்சிட்டது. அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு எழுதியதுதான் சிப்பாய்க் கவிதை. ஆக, இரண்டாவது ஆல்பத்தின் பெயரே முதல் ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்புக்கு எழுதிய பதில்.

இங்கேதான் எனக்கு நன்னூல் என்ற இலக்கண நூல் ஞாபகம் வந்தது. எங்கள் கல்லூரியில் அதை நடத்தியவர் ஒரு கோபக்காரர். அதன் முன்னுரையான பாயிரத்தைத் தாண்டி எழுத்தியலுக்குப் போக அவருக்கு மனமே வராது. பாட்டு எழுதத் தெரியாதவன்தான் அவசரமாகப் புணர்ச்சி விதிக்கு ஓடுவான் என்பார். நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் பாயிரத்தில் கறாராக ஒரு சட்டம் போடுகிறார். நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுத வேண்டியவர் ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர் ஆகியோரில் ஒருவர். நூலாசிரியர் தானே எழுதக் கூடாது. இதுவரை இல்லாததைப் படைத்தவனே ஆனாலும், துறை பல முடித்தவனே ஆனாலும், தன்னைத் தானே புகழ்வது தகாது. தமிழன் இன்றைக்கும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான். அறுபது பக்கக் கவிதைத் தொகுப்பில் இருபது பக்கம் அணிந்துரையும் வாழ்த்துரையும் இருப்பது அதனால்தான்.

அதற்கு அடுத்த சூத்திரத்தில் முனிவர் கதவை மெல்லத் திறந்து விடுகிறார். நான்கு சமயங்களில் புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாம். அரசனுடைய சபைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. அவையில் வாதிட்டு வெல்லும்போது. எதிராளி தன்னைப் பழித்தபோது. எங்கள் ஆசிரியர் நான்காவதைச் சொல்லும்போது மேஜையை ஒரு தட்டுத் தட்டுவார். 'பவணந்தி சமண முனிவர்தானே, ரோஷம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். யாரோ அவரைப் பழித்து எழுதியிருக்க வேண்டும் என்று அப்போதே எங்களுக்குச் சந்தேகம். கேட்கத் துணிச்சல் இல்லை.

நான்கையும் இந்த நியூயார்க் பெண்ணுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அரசவை ஓலை பொருந்தாது. ஆல்பத்தை வெளியிட்ட சோனிக்காரர்களை அரசர் என்றால் அவருக்கே சிரிப்பு வரும். ஆற்றல் அறியாதவர் நடுவில் இருந்தது உண்மை. பதினேழு வயதில் எழுதிய பாட்டை விட்டுவிட்டு, வீடியோவில் என்ன உடை போட்டிருந்தார் என்று பேசிய கூட்டம் அது. எதிராளி பழித்ததற்கு அச்சிட்ட கடிதங்களே சாட்சி. அவையில் வெல்வது ஒன்றுதான் பாக்கி. அதற்குப் பெயர் போதாது, பாட்டு வேண்டும்.

பாட்டு இருந்தது. பத்தே பத்து. தயாரிப்பாளர் ஜான் பிரையன் குரலையும் பியானோவையும் நடுவில் நிறுத்தி, மற்ற வாத்தியங்கள் அதைச் சுற்றி வரும்படி செய்தார். முதல் ஆல்பத்தில் சோகம் மெதுவாக ஊறிக்கொண்டிருக்கும்; இதில் அதே சோகம் ஓடுகிறது, முட்டிக்கொள்கிறது, தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிறது. 'பாஸ்ட் ஆஸ் யூ கேன்' டிரம்ஸோடு விரட்டிக்கொண்டே போய், நடுவில் திடீரென்று தாளம் மாறித் தளர்ந்து, மறுபடி ஓட ஆரம்பிக்கும். முதல் முறை கேட்கும்போது சிடி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். 'பேப்பர் பேக்' பாட்டில் வானத்தில் பறவை என்று நம்பிப் பார்த்தது வெறும் காகிதப் பை. அந்த ஏமாற்றத்துக்குப் பின்னணியில் பித்தளை வாத்தியங்கள் கல்யாண ஊர்வலத்து மிடுக்கோடு முழங்கும். உம்மணாமூஞ்சி என்று பட்டம் கொடுத்தவர்கள் இதைக் கேட்டார்களா என்பதுதான் என் சந்தேகம். அழுதுகொண்டே கேலி பேசத் தெரிந்தவரை அழுமூஞ்சி என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம்.

மதிப்புரைகள் பெரும்பாலும் நல்லவிதமாகவே வந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாராட்டிலும் ஒரு மருத்துவர் தொனி. நோயாளி தேறி வருகிறார், மெட்டும் சொல்லும் மேம்பட்டிருக்கின்றன, மனநிலைதான் கவலைக்கிடம் என்கிற மாதிரி. 2000 பிப்ரவரி 29 அன்று நியூயார்க் ரோஸ்லேண்ட் அரங்கில் ஒலியமைப்பு படுத்தியது. அவர் அழுது, கச்சேரியை முடிக்காமல் மேடையை விட்டுப் போனார். உடனே, சொன்னோமா இல்லையா என்று அந்தத் தொனி நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆண் பாடகன் கிதாரை உடைத்தால் அதற்குக் கலை வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. பெண் அழுதால் செய்திதான்.

குறை சொல்பவர்களைச் சமாளிப்பதில் நம் கம்பர் சாமர்த்தியசாலி. அவையடக்கத்தில், சிறு பிள்ளைகள் தரையில் கோடு கீறி அறை என்றும் ஆடரங்கு என்றும் சொன்னால் தச்சர்கள் கோபிப்பார்களா என்று கேட்டுவிடுகிறார். அதற்கு மேல் எவன் குறை சொன்னாலும், பிள்ளைக் கிறுக்கலோடு சண்டைக்குப் போன தச்சனாகிவிடுவான். பத்தாயிரம் பாட்டு எழுதிவிட்டுக் கிறுக்கல் என்று சொல்ல ஒரு பெரிய கர்வம் வேண்டும். பியோனாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உள்ளே இருப்பதை அப்படியே வெளியே வைத்துவிடுகிற ஜாதி. அவையடக்கத்தால் தப்பித்தவர்களைவிட அது தெரியாமல் அடிபட்டவர்கள் மேல்தான் எனக்கு எப்போதும் ஒரு சாய்வு.

பத்திரிகைகள் 90 சொல்லையும் எழுதி மாளாமல், முதல் மூன்று சொல்லை மட்டும் வைத்துப் பின்னால் மூன்று புள்ளி போட்டன. புள்ளிகளோடு அந்தப் பெயர் நிலைத்தும்விட்டது. 2020-இல் 'ரோலிங் ஸ்டோன்' வெளியிட்ட சிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில், 108-ஆவது இடத்தில், புள்ளிகளோடு இருக்கிறது. 2012-இல் அவர் மறுபடியும் 23 சொல்லில் ஓர் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார். பட்டது போதாது போலிருக்கிறது. 2020-இல் வந்ததற்கு நான்கே சொல், அதுவும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் வசனத்திலிருந்து எடுத்தது. 'பிட்ச்போர்க்' இசை இதழ் அதற்குப் பத்துக்குப் பத்து மார்க் போட்டது.

நூலுக்கு எப்படியெல்லாம் பெயர் வரும் என்றும் பவணந்தி ஒரு பட்டியல் தருகிறார். முதல்நூலால், ஆசிரியனால், அளவால், மிகுதியால், பொருளால், செய்வித்தோனால், தன்மையால், ஒரு காரணமும் இல்லாத இடுகுறியால். செய்வித்தோன் என்றால் பணம் கொடுத்து நூலை எழுதவைத்த புரவலர். சாதவாகனம், இளந்திரையம் என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். நூல்கள் மறைந்துவிட்டன, புரவலர் பெயர் மட்டும் மிச்சம். இந்த 90 சொல்லை எந்த வகையில் சேர்ப்பது என்று யோசித்தால், செய்வித்தோன் வகையில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. 'ஸ்பின்'னுக்குக் கடிதம் போட்ட அந்த வாசகர்கள் எழுதவைத்திராவிட்டால் கவிதையே கிடையாது. நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் பவணந்தியைப் பராமரிக்க எவ்வளவோ செலவழித்திருப்பான். இவர்களுக்கு ஒரு தபால்தலையோடு முடிந்துவிட்டது.