ஃபில்டரும் ஒரு ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்டும்

"நாற்பத்தேழு வயசுல அழகு ஒரு கேடா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். தேவைப்பட்டது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நாக்பூருக்கு மாற்றலாகி இரண்டு வருஷம் ஆகிறது. தங்கமணியும் பையனும் மதுரையில். நான் இங்கே தனிக்கட்டை. காலையில் கிளைக்கு எதிரே தர்ரி போஹா, மதியம் கேன்டீன், ராத்திரி எட்டரைக்கு வந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். நடுவில் எத்தனை டீ என்று கணக்கு வைத்ததில்லை. ஊர்ப்பணத்துக்கு பைசா சுத்தமாகக் கணக்கு வைக்கிறவன், ஹும்.

போன வருஷம் ஆபீஸில் புது போட்டோ கேட்டார்கள். ஒரு செல்ஃபி எடுத்து, "கொஞ்சம் சரி பண்ணிக் குடுடா" என்று பையனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. போட்டோவில் இருந்தவர் எனக்கு ஒரு தம்பி இருந்தால் அப்படி இருப்பார். கருவளையம் இல்லை. தாடை கூர்மை. அளவாக வெட்டின தாடி. நிறமும் இரண்டு படி ஏறியிருந்தது.

"அப்பா, இதான் உங்க பொட்டென்ஷியல்" என்றான்.

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். 2003-ல் பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவை ஸ்டுடியோ அண்ணாச்சி கம்ப்யூட்டரில் ஏற்றி வெளுத்துவிட்டார். நேரில் பார்த்த மாமியார், "போட்டோல வேற மாதிரி இருந்தாரே" என்று சொன்னது இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிற ஜோக். ஆக, ஃபில்டர் எனக்குப் புதுசில்லை. அப்போது அது அண்ணாச்சி கையில் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும், கேஷ் புக்கும் பாஸ் புக்கும் ஒத்துப்போகாவிட்டால் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போடணும். வித்தியாசம் எங்கே, ஏன் என்று ஒவ்வொன்றாக எழுதணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்து அதையே செய்தேன். வித்தியாசங்கள் மூன்று வகையாகப் பிரிந்தன.

முதல் வகை, கேமரா செய்த தப்பு. செல்ஃபியில் என் மூக்கு பஜ்ஜி மாதிரி இருந்தது. 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்: 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் ஆணின் மூக்கு அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும், 5 அடி தள்ளி எடுத்தால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. போனை அலமாரியில் சாய்த்து, டைமர் வைத்து, ஐந்தடி தள்ளி நின்றேன். மூக்கு பழைய இடத்துக்கு வந்தது. செலவு பூஜ்யம்.

இரண்டாவது வகை, என்னால் முடிந்தது. கருவளையத்துக்குத் தூக்கம். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடுகிற ஊரில் வெயிலுக்கு ஒரு சன்ஸ்க்ரீன். முகத்துக்குப் பொருந்துகிற கண்ணாடி ஃப்ரேம். தாடைக்கு எடை குறைப்பு. தாடி எனக்குச் சரிவராது என்பதை மூன்று வாரம் வளர்த்துப் பார்க்காமலே ஃபில்டர் சொல்லிவிட்டது. அந்த வகையில் அதற்கு நன்றி.

மூன்றாவது வகை, எழுதித் தள்ளவேண்டிய வாராக்கடன். ஏறுநெற்றி, நிறம். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் ஃபேஸ்ஆப்பின் அழகாக்கும் ஃபில்டர் கறுத்த முகங்களையெல்லாம் வெளுத்துவிடுகிறது என்று பெரிய சண்டை வந்தது. பழக்கிய படங்களிலேயே சாய்வு இருந்தது என்று நிறுவனர் மன்னிப்புக் கேட்டார். யாரோ கொடுத்த படங்களைப் பார்த்துப் பழகின மெஷின், என் நிறத்தைக் குறை என்று சொன்னால் நான் ஏன் ஒத்துக்கணும்? அதைத் தேடிப்போய், டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை வாங்கிப் பூசி முகத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நம்மில் நிறைய பேர்.

எல்லாம் டேலி ஆகிவிட்டது, ஒரே ஒரு ஐட்டம் தவிர. கழுத்து.

ஃபில்டர் போட்டோவில் கழுத்து வழவழவென்று இருந்தது. ஒரிஜினலில் பக்கவாட்டில் கறுப்பாக, தடிப்பாக வரிவரியாக இருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் தங்கமணி, "ஏங்க, கழுத்தைத் தேச்சுக் குளிங்களேன்" என்பாள். பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. முகத்தைவிடக் கழுத்து மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பு? மூன்று வகையில் எதிலும் சேராததால் தோல் டாக்டரிடம் போனேன். அவர் க்ரீம் எழுதவில்லை. ரத்தப் பரிசோதனை எழுதினார். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்து, அக்குள் தோல் இப்படித் தடித்துக் கறுக்குமாம்.

மூன்று மாத சராசரி சர்க்கரை 6.3 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். 6.5 என்றால் நோய்.

எங்க அப்பாவுக்கும் கழுத்து இப்படித்தான் கறுத்திருக்கும். வெயிலில் அலைகிற மனுஷன் என்று நினைத்தோம். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது ஒரு கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் பயமுறுத்தவில்லை. நான் படித்ததிலும் நல்ல சேதி இருந்தது. நம்ம சென்னையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், இந்தக் கட்டத்தில் இருந்தவர்கள் நடையாலும் சாப்பாட்டு மாற்றத்தாலும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். அதுவும் நம்ம ஊர் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள்.

அம்பாஜரி ஏரிப் பக்கம் தினமும் நாற்பது நிமிஷ நடை. உருளைக்கிழங்குக்கு வாரம் ஒரு நாள் அனுமதி. டீக்குச் சர்க்கரை கட். எட்டு மாதத்தில் 83 கிலோ 76 ஆனது. சர்க்கரை 5.8. கழுத்துக் கறுப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. ஃபில்டர் காட்டிய தாடையில் முக்கால் பங்கு ஒரிஜினலிலேயே வந்திருக்கிறது. நிறம்? அப்படியே இருக்கிறது, என் அப்பா கொடுத்தது.

மார்ச் 31-க்குக் கணக்கை அழகாகக் காட்டுகிற விண்டோ டிரஸ்ஸிங்கை நான் ஆடிட்டில் நிறைய பார்த்திருக்கிறேன். என் கழுத்தில் இருந்ததைப் பார்க்க இத்தனை நாளாயிற்று. அதனால் ஃபில்டர் எதைச் சேர்க்கிறது என்பதைவிட எதை அழிக்கிறது என்று பாருங்கள். அதைத்தான் விசாரிக்கணும்.

போன வாரம் பையனிடம், "ஃபில்டர் இல்லாம ஒரு போட்டோ அனுப்புடா, கழுத்தும் தெரியணும்" என்றேன். ரொம்ப யோசித்து ராத்திரிதான் அனுப்பினான். கழுத்து சுத்தமாக இருந்தது. ஆனால் கன்னம் முழுக்கப் பரு, சிலது சீழ் வைத்து. ஒரு வருஷமாக எனக்கு வந்த படம் ஒன்றிலும் அது இல்லை.

திட்டவில்லை. மதுரைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். டாக்டரிடம் சேர்ந்தே போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டிஸ்கி: கழுத்து கறுப்பாக இருக்கிறவர்களுக்கெல்லாம் சர்க்கரை என்று அர்த்தமில்லை. பீர்க்கங்காய் நாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.