முன்பு வீடு இருந்ததா?

டுபாயில் வீடு வாங்குவதற்காக நாங்கள் நிரப்பிய வங்கி விண்ணப்பத்தில், இதற்கு முன் சொந்த வீடு வைத்திருந்தீர்களா என்றொரு வினா இருந்தது. அது 2021ஆம் ஆண்டு மே மாதம். தொழில், சம்பளம், கடன் என்று மற்றக் கட்டங்களை விரைவாக நிரப்பி வந்த நாங்கள் இருவரும் அவ்விடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வலிகாமம் வடக்கில் எட்டுப் பரப்புக் காணியும் அதில் ஒரு கல்வீடும் எங்களுக்கு இருந்தன. உறுதி இன்றும் இருக்கிறது. 1990 ஜூனில் பூட்டிவிட்டு வெளிக்கிட்ட அந்த வீட்டை அதன்பின் நாங்கள் கண்டதில்லை. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகளிற் பல பிற்காலத்தில் விடுவிக்கப்பட்டன; எங்களுடையது அவற்றுள் அடங்கவில்லை.

இந்த நாட்டில் வைத்திருந்தீர்களா என்பதே கேள்வி என்று வங்கி அலுவலர் தெளிவுபடுத்தினார். "இல்லை" என்று எழுதினோம். அந்தச் சொல்லால் எங்களுக்கு இலாபமே உண்டாயிற்று என்பதையும் மறைக்கலாகாது. 2013இல் மத்திய வங்கி வகுத்த விதிப்படி, 50 இலட்சம் திர்ஹமுக்கு மேற்படாத முதல் வீட்டுக்கு வெளிநாட்டவர் பெறக்கூடிய கடன் விலையில் 75 வீதம். கொரோனாக் காலத்தில், 2020இல், முதன்முறை வாங்குவோருக்கு அது 80 வீதமாக உயர்த்தப்பட்டது. நாங்கள் பார்த்த வீட்டின் விலை 420,000 திர்ஹம். எனவே "இல்லை" என்ற ஒரு சொல்லின் பெறுமதி 21,000 திர்ஹம்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். அங்கு அகதியாக ஏற்கப்பட்டவர் நாளடைவில் வதிவுரிமை பெற்று வீட்டுக்கடனும் எடுத்தார். வளைகுடா நாடுகள் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் ஒப்பமிடாதவை. இங்கு வந்த எம்மவர் எத்தனை இடப்பெயர்வுகளைக் கண்டவராயினும் கடவுச்சீட்டில் அவர் தொழிலாளியே. வெளிநாட்டவர் வீடு வாங்கலாம் என்ற பேச்சே டுபாயில் 2002இல்தான் எழுந்தது. குறித்த சில பகுதிகளில் முழு உரிமையோடு வாங்கலாம் என்பதை 2006ஆம் ஆண்டின் சட்டம் உறுதிப்படுத்தியது.

எங்களில் ஒருவர் 1998இலும் மற்றவர் 2003இலும் இங்கு வந்தோம். டெய்ராவில் திரைச்சீலை கட்டிப் பிரித்த அரை அறையில் தொடங்கி அல் குசைஸ் வரை ஒன்பது வாடகை வீடுகள் மாறினோம். கடைசி வீட்டுக்கு ஆண்டு வாடகை 42,000. அதை நான்கு காசோலைகளாக முற்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். காசோலை நாள் நெருங்கும் மாதங்களில் வீட்டில் ஒருவரோடொருவர் பேசுவதும் குறைந்துவிடும்.

முற்பணமாக 84,000 வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதற்கு மேல் வரும் செலவே புதிதாக வாங்குவோரைத் திணறடிப்பது. காணித் திணைக்களத்துக்கு விலையில் 4 வீதம், அதாவது 16,800. தரகருக்கு 2 வீதமும் அதன்மேல் வரியும். வங்கியின் நடைமுறைக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், அடைமானப் பதிவு, கைமாற்றுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வந்து எல்லாமாகக் கிட்டத்தட்ட 35,000 ஆயிற்று. அக்காலத்திற் சில வங்கிகள் இவற்றுட் சிலவற்றைக் கடனோடு சேர்த்துத் தர முன்வந்தன. தரகருக்குக் கொடுக்கும் காசுக்குப் பதினைந்து ஆண்டுகள் வட்டி கட்டுவது எங்களுக்குச் சரியெனப் படவில்லை.

இந்த 119,000 திர்ஹமைச் சேர்க்க ஆறு ஆண்டுகள் எடுத்தன, மாதம் 1,650. சம்பளம் வந்த அன்றே அதை வேறொரு கணக்கில் இட்டுவிடுவோம், மிஞ்சியதே குடும்பத்துக்கு. அல் அவீர்ச் சந்தையில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து பெட்டிக் கணக்கில் மரக்கறி வாங்கிப் பங்கிட்டோம். அரிசியை ஊறவைத்து இடித்து மாவை வீட்டிலேயே வறுத்தோம். இரவில் பெரும்பாலும் புட்டும் சம்பலும். கார் வாங்கவில்லை. ரொறொன்ரோவில் நடந்த நெருங்கிய உறவினரின் கலியாணத்துக்குப் போகவில்லை. அவர்கள் எங்களைக் கஞ்சர் என்று பேசியதாகக் கேள்விப்பட்டோம், பேசியதிற் பிழையில்லை.

ஆயினும் எல்லாச் சிக்கனமும் சிக்கனமல்ல. 2016 கோடையில் மின்கட்டணத்துக்கு அஞ்சிப் பகல் முழுவதும் குளிரூட்டியை நிறுத்தினோம். அலுமாரியில் இருந்த உடுப்புகள் பூஞ்சணம் பிடித்தன. மகளுக்குத் தோலில் கொப்புளங்கள் போட்டு, வைத்தியருக்கும் மருந்துக்கும் கொடுத்தது மிச்சம் பிடித்ததிலும் அதிகம். பிள்ளை உறக்கமின்றிப் புரண்ட அந்த இரவுகளை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பணம் சேர்ந்த பின்னும் ஓராண்டு தயங்கினோம். காரணம், சுன்னாகத்தில் வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் அப்பம்மா. அவரிடம் தொலைபேசியிற் சொன்னபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "அந்த வீட்டுக்குக் கிணறு இருக்கோ?" என்பதே. கிணறில்லை, கடல்நீரை நன்னீராக்கிக் குழாயில் தருகிறார்கள் என்றோம். "அப்ப தண்ணிக்கும் காசோ?" என்றார். சிரித்தோம். அடுத்துக் கேட்டதற்குச் சிரிக்க முடியவில்லை. "உறுதி எங்களிட்டையும் கிடக்குத்தானே மோனை. அங்கையும் இருக்க விடமாட்டம் எண்டால் என்ன செய்வியள்?"

அவர் கேட்டது நியாயமே. இங்கு வேலை போனால் விசா போகும். விசா போனால் குறித்த காலத்துள் வெளியேற வேண்டும். பெரும் பெறுமதியான வீடு வாங்குவோருக்கு அதனடிப்படையில் வதிவிட விசா உண்டு. எங்கள் வீடு அந்த அளவுக்கு எட்டியதன்று. கையில் உறுதி இருந்தும் வீட்டில் இருக்க முடியாத நிலை இரண்டாம் முறையும் வரக்கூடும் என்பதை அறிந்தே நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இருவரும் பல இரவுகள் பேசினோம். வெளியேற நேர்ந்தாலும் இந்த வீட்டை வாடகைக்கு விடலாம், விற்கலாம். ஊரிலுள்ளதை விற்கவும் முடியாது, வேலிக்கு அப்பால் நின்று பார்க்கவும் முடியாது. அந்த வேறுபாடே எங்களுக்குப் போதுமானதாயிற்று. அப்பம்மாவுக்கும் அதையே சொன்னோம். ஊர்க் காணி விடுபட்டால் அங்கு கட்டுவதற்குக் காசு எங்கே என்று அவர் கேட்டார். அதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

வீடு இன்ரர்நாஷனல் சிற்றியில் ஓர் அறையுள்ள தொடர்மாடி, 720 சதுர அடி. அவ்விடத்துத் தொகுதிகளுக்குச் சீனா, ரஷ்யா, ஸ்பெயின் என்று நாடுகளின் பெயர்கள். நாடு நாடாக விசாக் கேட்டு அலைந்த எம்மவர் கூட்டத்தில் நாங்கள் பாரசீகத்திற் குடியேறினோம்! வயதைக் கணக்கிட்டு வங்கி தந்த தவணை 15 ஆண்டுகள். மாதம் 2,320 திர்ஹம். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 9,000. இரண்டையும் கூட்டினால் பழைய வாடகையிலும் மாதம் ஏறத்தாழ 430 குறைவு.

அந்த மிச்சம் மூன்றாண்டுகளே நிலைத்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே வட்டி மாறாதிருக்கும் என்ற நிபந்தனையை வாசித்துத்தான் ஒப்பமிட்டோம். ஆனால் அதை உணர்ந்தோம் என்று சொல்ல முடியாது. திர்ஹம் அமெரிக்க டொலரோடு பிணைக்கப்பட்டது. 2022 முதல் அமெரிக்காவில் வட்டி ஏற இங்கும் ஏறியது. 2024இல் எங்கள் தவணை 2,730 ஆயிற்று. அவ்வேளையில் டுபாயின் வாடகைகளும் உயர்ந்திருந்தன என்பது ஓர் ஆறுதல். இலங்கை ரூபாய் 2022 மார்ச்சுக்குப் பின் சரிந்தபோது, 27,000 ரூபாவரை பெற்றுத்தந்த 500 திர்ஹம் சில வாரங்களில் 45,000க்கு மேல் பெற்றுத்தந்தது. ஊரில் மாவும் எண்ணெயும் விற்ற விலையில் அப்பம்மாவுக்கு அதனால் மிஞ்சியது ஒன்றுமில்லை.

2025 ஜூலையில் முதன்முறை வீடு வாங்குவோருக்கான திட்டமொன்றை டுபாய் அறிவித்த பின், தெரிந்த குடும்பங்கள் எங்களிடம் கணக்குக் கேட்டு வருகின்றன. முல்லைத்தீவைச் சேர்ந்த ஓர் இளந்தம்பதியர் முற்பணத்தைச் சேர்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்தனர். அவ்வாண்டு பெப்ரவரி முதல் பதிவுக் கட்டணத்தையும் தரகுப் பணத்தையும் கடனோடு சேர்க்க வங்கிகளுக்கு அனுமதியில்லை, அவையும் கைக்காசாகவே வேண்டும் என்றோம். எங்கள் பழைய கொப்பியை எடுத்து, விலையையும் கட்டணங்களையும் அவர்களுக்காக மீண்டும் கூட்டிப் பார்த்தோம். 22,000 திர்ஹம் குறைந்தது. அத்தம்பி கைத்தொலைபேசியில் மாதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் பதினான்கு மாதம் அக்கா என்றார். புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று எழுந்து சென்றார்கள்.