ஒரு மணி நேரத் தொலைவில் இன்னொரு தலைநகரம்

வியன்னாவுக்கு வேலையாக வரும் இந்தியர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாள் மிஞ்சும். ஐ.நா. அலுவலகத்தில் கூட்டம் வெள்ளியோடு முடிந்துவிடும். விமானம் ஞாயிறு இரவுதான். ஷான்ப்ருன் அரண்மனை பார்த்தாகிவிட்டது. ஆபரா மாளிகை முன்னால் படமும் எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை ரயிலேறிப் போய் இருட்டுவதற்குள் திரும்பும்படி ஓர் ஊர் வேண்டும். விசாரித்தால், பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பெயர்கள் இரண்டு: ஹால்ஸ்டாட், சால்ஸ்பர்க்.

இரண்டும் அழகான ஊர்கள்தான். சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. ஏரிக்கரையில் மலையை ஒட்டிக்கொண்டு நிற்கும் ஹால்ஸ்டாட்டுக்கு அட்நாங் புஹைம் சந்திப்பில் ரயில் மாற வேண்டும். ரயில் நிலையமோ ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது, அங்கிருந்து படகு. போகவர ஏழு மணி நேரம் ரயிலிலும் படகிலுமே கழிந்துவிடும். போய் இறங்கினால், எண்ணூறு பேர்கூட வசிக்காத அந்தக் கிராமத்தில், கோடையின் உச்சத்தில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள். 2012-ல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் இந்த ஊரைப் பார்த்து ஒரு நகலே கட்டிவிட்டார்கள். 2023 மே மாதம் ஹால்ஸ்டாட் நிர்வாகம் பொறுக்க முடியாமல், படமெடுக்கும் இடத்தில் ஏரியை மறைத்து மரப்பலகையில் வேலி போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்க்காரர்களே சாலையை மறித்துப் போராடினார்கள். தன் வாசலைத் தானே மறைக்க நினைத்த ஊருக்கு ஒரே நாளில் ஓடிப் போய்த் திரும்புவதில் யாருக்கு என்ன லாபம்? இரண்டு இரவு தங்க முடிந்தவர்கள் போகட்டும்.

சால்ஸ்பர்க் ரயிலில் இரண்டரை மணி நேரம். மொஸார்ட் பிறந்த வீட்டையும் கோட்டையையும் பார்த்துவிட்டு அதே நாளில் திரும்பலாம்; ஆனால் ஐந்து மணி நேரம் ரயிலுக்குப் போய்விடும். புடாபெஸ்ட் ஏறக்குறைய இரண்டே முக்கால், ப்ராக் நான்கு. அவையெல்லாம் தனியாக நாள் ஒதுக்கிப் போக வேண்டிய நகரங்கள். ஒரு நாள்தான் கையில் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு அப்பால் யோசிக்காமலிருப்பது உத்தமம். அந்த வட்டத்துக்குள் வியன்னாவைச் சுற்றி மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதலாவது மெல்க். ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். டானூப் நதிக்கு மேலே, பாறை உச்சியில் மஞ்சள் வண்ணத்தில் நீண்டு கிடக்கும் பெனடிக்ட் சபை மடம் 1089-ல் நிறுவப்பட்டது. இப்போதைய கட்டடம் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாக்கோப் ப்ராண்டவர் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வருகிறவர்கள் மெல்கிலிருந்து படகில் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே கிரெம்ஸ் போய், அங்கிருந்து வேறு பாதையில் வியன்னாவுக்கு ரயிலேறலாம். குளிர்காலத்தில் படகு கிடையாது. மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது மெல்க்கை மறந்துவிடலாம்.

இரண்டாவது இடம் ரயில் பிரியர்களுக்கு. தெற்கே கிராட்ஸ் போகும் பாதையில் ஸெம்மரிங் கணவாய். ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்கு இந்த இடத்தோடு ஒரு உறவு உண்டு. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதலில் இடம்பெற்ற ரயில் பாதை இதுதான், ஆண்டு 1998. அடுத்த ஆண்டு டார்ஜிலிங், 2005-ல் நீலகிரி. ஆனால் நீலகிரியைப் போல இங்கே பல் சக்கரம் கிடையாது. மீட்டர் கேஜும் கிடையாது. சாதாரண அகலப் பாதையில், சாதாரண சக்கரத்தில், ஆல்ப்ஸ் மலையை ஏறிக் கடக்க முடியும் என்று வெனிஸில் பிறந்த கார்ல் வான் கெகா என்ற பொறியாளர் சொன்னபோது பலர் சிரித்தார்கள். 1848-ல் வேலை ஆரம்பித்தது. அப்போது அந்த ஏற்றத்தில் ஏறக்கூடிய எஞ்சின் உலகில் எங்கும் இல்லை. எஞ்சின் பிற்பாடு வரும் என்ற நம்பிக்கையில் பாதையைப் போட்டுக்கொண்டே போனார் மனிதர்!

1851-ல் எஞ்சின்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். நான்கு எஞ்சின்கள் வந்தன. 'பவேரியா' என்ற எஞ்சின் பரிசைத் தட்டிச் சென்றது. ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு நான்கில் ஒன்றுகூட லாயக்கில்லை என்று பிறகு தெரிந்தது. கடைசியில் எங்கெர்த் என்பவர் புதிதாக வடிவமைத்த எஞ்சின்தான் கைகொடுத்தது. கிளாக்னிட்ஸிலிருந்து ம்யூர்ட்ஸூஷ்லாக் வரை 41 கிலோமீட்டர். 14 குகைகள், 16 பெரும் பாலங்கள். சுமார் இருபதாயிரம் கூலியாட்கள் வேலை செய்தார்கள். காலராவிலும் டைபஸ் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1854-ல் ரயில் ஓடியது. வியன்னாவின் செல்வந்தர்கள் காற்று வாங்க வர ஆரம்பித்தார்கள். 1882-ல் திறந்த ஸூட்பான் ஓட்டல் இன்றும் மலைச்சரிவில் அரண்மனைபோல நிற்கிறது.

ஸெம்மரிங் நிலையத்தில் இறங்கி ரயில் பாதையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால், 'இருபது ஷில்லிங் காட்சி' என்று பெயர் வைத்த ஒரு மேடு வரும். பழைய 20 ஷில்லிங் நோட்டில் ஒரு பக்கம் கெகாவின் முகம், மறுபக்கம் இங்கிருந்து தெரியும் இரண்டடுக்குக் கல்பாலம். ஷில்லிங் 2002-ல் செலாவணியிலிருந்து போய்விட்டது. காட்சிக்கு மட்டும் பெயர் தங்கிவிட்டது. பாலத்தின் மேல் இத்தாலி போகும் ரயிலும் சரக்கு ரயிலும் நிதானமாக ஊர்ந்து வளைவதைப் பார்க்கலாம். ஆனால் அதிக நாள் அல்ல. மலைக்கு அடியில் 27 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய சுரங்கம் குடைந்துகொண்டிருக்கிறார்கள். 2012-ல் தொடங்கிய வேலை 2030-ல் முடியும் என்று திட்டம். அதன் பிறகு விரைவு ரயில்கள் இருட்டுக்குள் பாய்ந்து போய்விடும். ஸெம்மரிங் போக நினைப்பவர்கள் தள்ளிப் போடாமலிருப்பது நல்லது.

இருந்தாலும், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு டிக்கெட் என்றால் எதிர்த் திசையில் போவதே சரி. கிழக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில் ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராடிஸ்லாவா. ரயிலில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. ரோமையும் வாடிகனையும் விட்டுவிட்டால், ஐரோப்பாவில் இவ்வளவு நெருக்கமாக வேறு இரண்டு தலைநகரங்கள் இல்லை. வியன்னாக்காரர்கள் பலர் அதை ஓர் ஊராகவே மதிப்பதில்லை. 'அங்கே என்ன இருக்கிறது?' என்பார்கள். இருப்பது இந்த ஒரு மணி நேரப் பாதையின் கதை.

முதல் உலகப் போருக்கு முன்னால் இரண்டு நகரங்களும் ஒரே சக்கரவர்த்தியின் கீழ் இருந்தன. ஜெர்மானியர்களுக்கு அது ப்ரெஸ்பர்க், ஹங்கேரியர்களுக்குப் போஷோனி. 1563 முதல் 1830 வரை ஹங்கேரிய மன்னர்கள் முடிசூடியது இங்கேயுள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தில். மரியா தெரஸாவின் முடிசூட்டும் அதில் அடக்கம். 1914-ல் இரு நகரங்களுக்குமிடையே டிராம் மாதிரி ஒரு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1918-ல் சாம்ராஜ்யம் உடைந்து நடுவில் எல்லை முளைத்தது. அடுத்த ஆண்டுதான் நகரத்துக்குப் பிராடிஸ்லாவா என்ற பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தச் சின்ன ரயில் எல்லையைத் தாண்டவே இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி. பிராடிஸ்லாவாவாசிகள் வீட்டுக் கூரையில் ஆன்டெனாவைத் திருப்பி வியன்னா தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். போகத்தான் முடியவில்லை.

நகரத்தின் மேற்கே டெவின் என்ற கோட்டை இருக்கிறது. 1809-ல் நெப்போலியனின் வீரர்கள் வெடி வைத்துத் தகர்த்த மிச்சம். புதிய பாலத்துக்கு அடியிலிருந்து பஸ் போகிறது. கோட்டைக்குக் கீழே மொராவா ஆறு டானூபில் கலக்கிறது. மொராவா அப்படியொன்றும் பெரிய ஆறல்ல. அந்தக் கரை ஆஸ்திரியா. நன்றாக நீந்துகிறவனுக்குச் சில நிமிடம். அந்தச் சில நிமிடங்களுக்கு ஆசைப்பட்டு உயிரைவிட்டவர்களுக்குக் கரையில் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். 1989 டிசம்பர் 10 அன்று, ஆட்சி ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், பல்லாயிரம் பேர் பிராடிஸ்லாவாவிலிருந்து எல்லையைத் தாண்டி நடந்தே ஆஸ்திரியாவின் ஹைன்பர்குக்குப் போனார்கள். யாரும் சுடவில்லை. மறுகரையில் தேநீர் குடித்துவிட்டு மாலையில் வீடு திரும்பியவர்கள் உண்டு. டெவினுக்குப் போகாமல் பிராடிஸ்லாவாவைப் பார்த்தேன் என்று சொல்வது அரைகுறை.

நகரம் சிறியது. பிரதான ரயில் நிலையம் பார்க்க லட்சணமாக இல்லை. அதை வைத்து ஊரை எடைபோட வேண்டாம். இருபது நிமிட நடையில் பழைய நகரம். கவிழ்த்துப் போட்ட மேஜை மாதிரி நாலு மூலையிலும் கோபுரத்தோடு கோட்டை. 1811-ல் எரிந்து, ஒன்றரை நூற்றாண்டு பாழடைந்து கிடந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் திரும்ப எழுந்தது. தேவாலயத்தின் கோபுர உச்சியில் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் ஹங்கேரிய மணிமுடி. அதே தேவாலயத்தின் சுவரை உரசுகிற மாதிரி நெடுஞ்சாலை ஒன்று பாய்ந்து வந்து பாலத்தில் ஏறுகிறது. 1972-ல் முடிந்த அந்தப் பாலத்துக்காகப் பழைய யூதர் குடியிருப்பின் பெரும் பகுதியை இடித்தார்கள். தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருந்த யூதக் கோவிலும் போயிற்று. அது நின்ற இடத்தில் ஒரு கறுப்புச் சுவரில் அதன் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். பாலத்தின் தூண் உச்சியில் பறக்கும் தட்டு வடிவில் ஓர் உணவகம். மேலேறிப் பார்த்தால் தென்கரையில் பெட்ரஷால்காவின் கான்கிரீட் குடியிருப்புகள் வரிசை வரிசையாகத் தெரியும். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் லட்சம் பேர் வாழும் இடம் அது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு தகவல். உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளை ஆட்டுப்பால் சீஸில் புரட்டிக் கொடுக்கும் 'ஹலுஷ்கி' இங்கே பிரசித்தம். மேலே பன்றிக் கொழுப்புத் துண்டுகள் தூவுவது வழக்கம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விசா விஷயத்தில் முன்பு இருந்த வில்லங்கம் இப்போது இல்லை. 2007 டிசம்பர் 21 வரை ஸ்லோவாக்கியா ஷெங்கன் ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தது. ஒரு தடவை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஆஸ்திரிய விசாவோடு பிராடிஸ்லாவாவுக்குப் போன இந்தியர் திரும்பி வர இன்னொரு விசா வாங்க வேண்டியிருந்திருக்கும். இன்று அதே ஷெங்கன் விசா போதும். 2009 முதல் பணமும் யூரோதான். எல்லையில் பொதுவாகச் சோதனை இல்லை என்றாலும் அவ்வப்போது தற்காலிகச் சோதனை வைக்கிறார்கள். பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. டிக்கெட்டுக்கு முன்பதிவு அவசியமில்லை. இந்தப் பாதைக்கென்றே போகவரச் சலுகை டிக்கெட் உண்டு. போகும்போது மார்ஷெக் வழியாகப் பிரதான நிலையத்துக்கும், திரும்பும்போது பெட்ரஷால்காவிலிருந்து கிட்ஸே வழியாகவும் வந்தால் இரண்டு பாதையையும் பார்த்ததாக இருக்கும். 1998 டிசம்பர் வரை இந்த இரண்டாவது பாதையில் எல்லை தாண்டி ரயில் கிடையாது.

கிட்ஸே ஆஸ்திரிய கிராமம். ஆனால் காலையில் அங்கே காத்திருப்பவர்களிடம் ஸ்லோவாக் மொழி நிறையக் கேட்கும். பிராடிஸ்லாவாவில் வீட்டு விலை ஏறியதும், எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஹைன்பர்கிலும் அதே கதை.

1914-ன் அந்தச் சின்ன ரயிலின் பாதை இன்னும் முழுசாகச் சாகவில்லை. வியன்னா விமான நிலையத்துக்குப் போகும் எஸ்-7 புறநகர் ரயிலைத் தொடர்ந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தால், ஹைன்பர்கைத் தாண்டி வுல்ஃப்ஸ்தால் என்ற கிராமத்தில் கொண்டுபோய் விடும். எல்லைக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது.