சத்தத்தை அடக்கத் தெரிந்த கைகள்

எழும்பூரிலிருந்து கூவத்தை ஒட்டி நடந்தால் புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையும் அதிலிருந்து பிரியும் சந்துகளும் சேர்ந்து, சென்னையின் பழைய வண்டிகள் கடைசியாக வந்து சேரும் இடம். ஒரு கடையில் பெட்ரோல் டேங்க் மட்டும், அடுத்ததில் ஷாக் அப்சார்பர் மட்டும், அதற்கடுத்ததில் கூரையிலிருந்து தொங்கும் சைலன்சர்கள் மட்டும். நான் போன பட்டறை ஒரு ஷட்டர் அகலம்தான். கேஸ் வெல்டிங் சிலிண்டர்கள், கிரைண்டர், வைஸ், பின்சுவரில் கம்பியில் மாட்டிய, இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப்புகள். நடத்துபவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தெருவே அவரை ‘பாய்’ என்கிறது. உடன் இரண்டு இளைஞர்கள் வேலை செய்கிறார்கள்.

காலையில் முதலில் வந்தது புதிய புல்லட். ஓட்டி வந்த பையன் கல்லூரி மாணவன். “பாய், சத்தமே இல்ல. எங்கப்பாவோட பழைய வண்டி மாதிரி கேக்கணும்” என்றான். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கிய நாளிலிருந்து புல்லட்டின் ஓசை இந்த ஊரோடு வளர்ந்தது. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். வண்டி நின்றபடி நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடினால் ஐந்நூறு வெடிப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் போய்ப் புதியது வந்தது. 2017-இல் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்று புகை விதிகள் இறுகின. அந்த ஓசை மெலிந்துகொண்டே வந்தது. அதைத் திரும்பக் கேட்டுத்தான் இந்தப் பட்டறைகளுக்குக் கூட்டம் வருகிறது. கோல்ட்ஸ்டார், இந்தோரி, மெகாஃபோன், ஷார்ட் பாட்டில் என்று சைலன்சரின் பெயர் சொல்லியே கேட்கிறார்கள்.

பாய் அந்தப் புல்லட்டின் சைலன்சரைத் தட்டிப் பார்த்தார். பிறகு, ஏற்கெனவே அறுத்துவைத்திருந்த ஒன்றை எடுத்து எனக்குக் காட்டினார். வெளியே ஒரே குழாயாகத் தெரிவது உள்ளே மூன்று அறைகள். குறுக்கே தடுப்புத் தகடுகள், அவற்றைத் துளைத்துப் போகும் சிறு குழாய்கள். புகை ஓர் அறையில் விரிந்து, திரும்பி, அடுத்த அறைக்குள் நுழைந்து, வேகம் இழந்துதான் வெளியே வரும். சில வகைகளில் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை திணித்திருக்கும். ஓசையின் ஆற்றலை அது வெப்பமாக வாங்கிக்கொள்ளும்.

“சத்தம் போட வைக்கிறது வேலையே இல்ல சார். உள்ள இருக்கிறத வெட்டி எடுத்தா முடிஞ்சுது, அரை மணி நேரம். இந்தத் தகடு எந்த இடத்துல இருக்கணும், ஓட்டை எத்தன இருக்கணும்னு ஒருத்தன் உக்காந்து கணக்குப் போட்டான் பாருங்க, அதான் வேலை.”

பி.எஸ்.6 வண்டிகளில் அந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. புகைப் பாதையிலேயே தேன்கூடு வடிவில் வினையூக்கி இருக்கிறது. அதன் மேல் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகின்றன. பக்கத்தில் ஆக்சிஜன் சென்சார். அது சொல்வதைக் கேட்டுத்தான் கணினி எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்று தீர்மானிக்கிறது. சைலன்சரை மாற்றும்போது வினையூக்கியும் போனால், அந்த நஞ்சு அப்படியே தெருவுக்கு வருகிறது. அதை முதலில் சுவாசிப்பது சிக்னலில் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்காரர்.

கார்புரேட்டர் வண்டிகளில் வேறு சிக்கல். புகை போகும் வழி திறந்துவிட்டால், இன்ஜினுக்குள் வரும் கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறையலாம். பாய் அதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறார். பெண்ட் பைப் நீலம் பாய்ந்திருக்கிறதா, ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டும் இருந்தால் இன்ஜின் தேவைக்கு மேல் சூடாகிறது. பிளக் முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. ஆக்சிலரேட்டரை விடும்போது படபடவென வெடிப்பதைப் பலர் வண்டியின் கம்பீரம் என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் எரியாமல் தப்பிய பெட்ரோல் சூடான குழாய்க்குள் பற்றிக்கொள்ளும் ஓசை. அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்.

“பிக்கப் கூடும்” என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. குழாயின் நீளமும் அகலமும் எந்த வேகத்தில் புகையலை திரும்பிவந்து இன்ஜினுக்கு உதவும் என்பதை நிர்ணயிக்கின்றன. வெறும் திறந்த குழாயில் உச்ச வேகத்தில் கொஞ்சம் கிடைக்கலாம். அண்ணா சாலையின் நெரிசலில் தேவைப்படும் கீழ்ச்சுற்று இழுவை குறைந்துவிடலாம்.

மதியத்துக்கு முன் ஒரு ஆர்.எக்ஸ். 100 வந்தது. 1985-இலிருந்து 1996 வரை இந்தியாவில் தயாரான, 98 சி.சி. டூ ஸ்ட்ரோக். இதில் சைலன்சர் இன்ஜினின் ஓர் உறுப்பே. விரியும் கூம்பு குறை அழுத்த அலையை அனுப்பி சிலிண்டரிலிருந்து புகையை உறிஞ்சும். பின்னால் குறுகும் கூம்பு, தப்பியோடும் புதுக் கலவையை உள்ளேயே திருப்பித் தள்ளும். இதை 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் செதுக்கித் தேர்ந்தவர் வால்டர் காடன். அவருடைய அணியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்குக்குத் தப்பி, அந்த நுட்பத்தோடு சுஸுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுஸுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. ஒரு குழாயின் வடிவம் தேச எல்லையைக் கடந்து ரகசியமாகப் போகும் அளவுக்கு விலைமதிப்புள்ளதாக இருந்தது.

அந்த ஆர்.எக்ஸில் கார்பன் அடைத்திருந்தது. வண்டிக்காரர் புதுக் குழாய் மாட்டச் சொன்னார். பாய் மறுத்தார். “கம்பெனி சைலன்சர்ணே. இத விட்டா கெடைக்காது.” காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கழுவி, தீயில் காட்டி, தட்டித் தட்டிக் கரியை உதிர்த்தார்கள். கூம்பில் ஒரு நசுங்கல்கூட வரக்கூடாது என்று தட்டிக்கொண்டிருந்த இளைஞரிடம் பாய் மூன்று முறை சொன்னார். வண்டி மீண்டும் ஓடியபோது ஓசை மெலிந்து சீரானது. இழுவை திரும்பியிருந்தது.

பிறகு வந்தவர் உணவு விநியோகம் செய்பவர். சைலன்சரின் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குறுகிய தூரமே ஓடி நிற்கிற வண்டியில் குழாய் முழுதாகச் சூடாவதில்லை. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தேங்கி அடித்தகட்டைத் தின்கிறது. புதிது வாங்க அவருக்கு வசதியில்லை. துருவை அறுத்தெடுத்து, அதே வளைவில் தகடு வளைத்து, டேக் வைத்து, சுற்றிலும் பற்றவைத்து, தண்ணீர் வடிய அடியில் இருந்த சிறு துளையை மறக்காமல் திறந்துவிட்டார்கள். மெல்லிய தகடு உருகிவிடாமல் பற்றவைப்பது எளிதல்ல. அன்று நான் பார்த்த வேலைகளில் மிக நேர்த்தியானது அதுதான். மிகக் குறைந்த கூலி பெற்றதும் அதுதான்.

இந்தத் தொழிலின் துயரம் இங்கேதான் இருக்கிறது. ஒழுங்காக அடக்குகிற வேலைக்குக் காசு குறைவு. வெட்டித் திறக்கிற வேலைக்கு அதிகம். சட்டமோ தெளிவாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி எல்லா வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. மோட்டார் சைக்கிள்களின் ஓசைச் சோதனை வரம்பு 80 முதல் 175 சி.சி. வரை 77 டெசிபெல், அதற்கு மேல் 80. உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒலி, புகை விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம், உரிமத்தையும் மூன்று மாதம் முடக்கலாம். பல நகரங்களில் பறிமுதலான சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிறார்கள்.

“சத்தம் இருந்தா லாரிக்காரன் ஒதுங்குவான்” என்ற வாதத்தை எல்லாப் பட்டறையிலும் கேட்கலாம். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. ஆபத்து பெரும்பாலும் முன்னாலிருந்து வருகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவில் அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபெல். ஒரு திறந்த குழாய் ஒரு தெருவில் இருக்கும் கைக்குழந்தையையும் நோயாளியையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும்.

அந்த ஓசை முதலில் கெடுப்பது பட்டறைக்காரரின் காதை. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு எல்லை. மூன்று டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிறது. ஷட்டருக்குள் வண்டியை முறுக்கிப் பார்க்கும் இந்த இளைஞர்களின் காதில் பஞ்சுகூட இல்லை. கண்ணாடி இழை முழங்கை வரை அரிக்கிறது.

கல்லூரி மாணவனிடம் பாய் கடைசியில் சொன்னது இதுதான்: “தம்பி, பார்க்க அழகா ஒரு எண்ட் கேப் போட்டுத் தரேன். உள்ள கை வைக்க மாட்டேன். அப்பா வண்டி இன்னும் இருந்தா அதக் கொண்டா, அதுக்குச் சத்தம் நான் கொண்டுவரேன்.” பையன் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். ஒரு வேலை போனால் போகட்டும் என்று எல்லாப் பட்டறையாலும் சொல்ல முடியாது.

ஐரோப்பாவில் மாற்று சைலன்சர்களுக்கு ஐ.நா.வின் 92-ஆம் ஒழுங்குமுறைப்படி சோதனையும் முத்திரையும் உண்டு. முத்திரை பெற்றதை வாங்கிப் பூட்டலாம். புதுப்பேட்டைப் பட்டறைக்கும் எட்டுகிற செலவில் இங்கே அப்படியொரு சோதனைக்கூடம் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இந்த வெல்டர்களைப் பாடம் நடத்த அழைக்க வேண்டும். நம்மால் இன்றே முடிந்தது ஒன்று உண்டு. கம்பெனி சைலன்சர் ஓட்டையானால் தூக்கிப் போடாமல் இவர்களிடம் கொண்டுபோவோம். அடைக்கிற வேலைக்கு, அறுக்கிற வேலைக்குத் தருவதைவிட ஒரு நூறு ரூபாய் கூடவே கொடுப்போம். நாம் எதற்குக் கூலி தருகிறோமோ அந்த வேலைதான் அடுத்த தலைமுறைக் கைகளுக்குப் போகும்.