கொல்லிமலைக் காற்றும் சக்கரத்துக் காற்றும்

கொல்லிமலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் எழுபது வரை எண்ணத் தெரிந்திருந்தால் போதும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வந்தால் அடிவாரத்தில் காரவள்ளி என்ற சிற்றூர். அங்கிருந்து மேலே ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். 'இன்னும் எத்தனை தூரம்?' என்று குழந்தைகள் நச்சரித்தால் எண்ணைக் காட்டிவிடலாம்!

மலையின் உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. மேலே போனதும் மிளகுக் கொடிகள், காப்பித் தோட்டங்கள், பலா மரங்கள், அன்னாசி என்று கண்ணுக்கு ஓயாத வேலை. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் என்று சங்கப் புலவர் பாடிய வள்ளல் அவன். அறப்பளீசுவரர் கோயிலில் தரிசனம் முடித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்கும்போது உற்சாகம், ஏறும்போதுதான் வயசு தெரியும்.

நானும் என் கணவரும் மோட்டார் சைக்கிளில் போயிருந்தோம். அருவியைப் பார்த்துவிட்டுச் செம்மேட்டுக்குத் திரும்புகையில் வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடியது. பின் டயரை அமுக்கிப் பார்த்தார், மெத்தென்றிருந்தது. பஞ்சர் கடையில் 32 பவுண்டு காற்று அடித்துக்கொண்டு, இரவு அங்கேயே தங்கினோம். காலையில் அளந்து பார்த்தால் 20!

"ராத்திரிக் குளிர். அதனால் குறைந்திருக்கும். கொஞ்சம் அடித்துக்கொண்டு இறங்கிவிடலாம்" என்றார் இவர். மறுநாள் ஆபீஸ் அவருக்கு.

பஞ்சர் கடைக்காரர் நாமக்கல்லில் இருபது வருஷம் லாரி டயர்களோடு மல்லுக்கட்டியவர். லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் பேர்போன ஊரல்லவா அது?

"குளிருக்குக் காத்து குறையறது நெசந்தானுங்க. ஆனா ரெண்டு மூணு பவுண்டுக்கு மேலே குறையாதுங்க. பன்னெண்டு எங்கேயோ ஓடிப் போயிருக்குதுங்க" என்றார் அவர்.

வாஸ்தவம்தான். சுமார் 6 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் குறைந்தால் 1 பவுண்டு குறையும், அவ்வளவே. டியூப் போட்ட சக்கரத்தில் காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறுமாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் டியூப் உள்ளே நழுவி, வால்வு அடியோடு பிய்ந்தாலும் பிய்ந்துவிடுமாம். அப்புறம் காற்று மெதுவாகவா போகும்? எனக்கு எழுபது வளைவும் கண்முன்னே சுழன்றன.

"காரணம் தெரியாமல் நான் வண்டியில் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, துணி சோப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். பையிலிருந்து எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன்.

முதலில் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஆணியோ முள்ளோ தைத்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வால்வின் வாயில் சோப்புத் தண்ணீரை வைத்தார். அங்கே ஓட்டை இருந்தால் குமிழி ஊதுமாம். ஊதவில்லை. பிறகு வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு டியூபை வெளியே எடுத்தார். கோடு எதற்கு என்று கேட்டேன். "டியூப்ல ஓட்டை தெரிஞ்சா, டயர்ல எங்கே பார்க்கணும்னு அது சொல்லுமுங்க!"

டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினார். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடுகு கடுகாகக் குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக! ஆனால் அவை வந்தது சாலையைப் பார்த்த பக்கத்தில் அல்ல; ரிம்மைப் பார்த்த உள்பக்கத்தில். பக்கத்திலேயே இரண்டு பழைய ஒட்டுகள். முன்பு இரண்டு கடைகளில் 'முள் குத்தியது' என்று சொல்லி ஒட்டிக் கொடுத்தவை.

"முள்ளு உள்ளேயிருந்தா குத்தும்?" என்று சிரித்தார் அவர்.

சக்கரக் கம்பிகளின் முனை டியூபை உறுத்தாமலிருக்க, ரிம்மைச் சுற்றி ஒரு ரப்பர் நாடா உண்டு. அது விலகியிருந்தது. ஒரு கம்பியின் முனை அரிசி நுனி அளவு எட்டிப் பார்த்தது. அதை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, புது நாடா போட்டு, ஓட்டையை ஒட்டி மாட்டினார். "காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அளந்தார். அதே 32. அப்புறம்தான் கூலி வாங்கிக்கொண்டார்.

இப்போது பல வண்டிகளில் டியூபே கிடையாது. அவற்றில் டயரின் மேல்பரப்பு, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு, வால்வின் அடி இம்மூன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். ஆணி தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். இருக்கிற காற்றைப் பிடித்து வைத்திருப்பது அதுவாகவே இருக்கலாம். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் காற்றை அளந்து குறித்து வைத்தால், கசிவு இருக்கிறதா என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

ஓரியின் அம்பு ஒரே வீச்சில் ஐந்தைத் துளைத்ததாம். எங்கள் கம்பி ஒரே டியூபை மூன்று தரம் துளைத்தது. பாட்டுக்குப் புலவர்தான் இல்லை!

இறங்கும்போது பத்து வளைவுக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, டயரை அமுக்கிப் பார்த்தார் இவர். நான் கேலி செய்யவில்லை. நானும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறிக்கொண்டேன்.