மான்வனமும் மேய்ப்பனும்

வேட்டை நாயும் வேட்டைப் பறவையும் குருக்களுக்கு எதற்கு? 1215-ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் வேட்டையாடுவதைத் தடைசெய்தது என்று குருமடத்தில் படித்தபோது நமக்குச் சிரிப்பே வந்தது. இங்கிலாந்து நாட்டின் ஃபார்னம் கோட்டை வரலாற்றை வாசித்தபோதுதான் அச்சிரிப்பு அடங்கிற்று.

அக்கோட்டையை எழுப்பியவர் அரசர் அல்லர். வின்செஸ்டர் ஆயர் புளுவா ஹென்றி. ஆண்டு 1138. அதனருகே 1376-இல், விக்கம் வில்லியம் ஆயராயிருந்த காலத்தில், ஆயர்களுக்கென மான்வனம் ஒன்று உருவாயிற்று.

அக்கால மான்வனங்களின் அமைப்பு வியப்புக்குரியது. உட்புறம் பள்ளம், வெளிப்புறம் மண்மேடு, மேட்டின்மேல் மரவேலி. சில இடங்களில், வெளியே திரியும் மான் உள்ளே குதிப்பதற்கு வழி வைத்தனர். குதித்த மான் பள்ளத்திலிருந்து மேலேறி மீள இயலாது. அதன் இறைச்சி பெரியோர் விருந்துக்கும் அன்பளிப்புக்கும் உரியது. ஏழையின் அடுப்புக்கு உரியதன்று. அரச வனத்தில் மானைக் கொன்றவன் அதற்காக உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என்று விதிக்க, 1217-இல் வனச் சாசனம் ஒன்றே தேவைப்பட்டது.

விக்கம் ஆயர் கொடியவர் அல்லர். ஏழை மாணவரை மனத்திற்கொண்டு 1379-இல் ஆக்ஸ்போர்டில் நியூ கல்லூரியையும், 1382-இல் வின்செஸ்டரில் பள்ளியையும் நிறுவியவர் அவரே. நம்மை உறுத்துவதும் இதுவே. அறம் செய்யும் கையே வேலியையும் காக்கக்கூடும்.

அவரைத் தீர்ப்பிட நாம் யார்? பங்கு இல்லத்தின் வாயிலைத் தாழிட்டு, "சுவாமி ஓய்வில் இருக்கிறார்" என்று சொல்லச் செய்த மாலைகள் நமக்கும் உண்டு. அத்தகைய மாலையொன்றில், தம் மனைவிக்கு நோயில்பூசுதல் வேண்டி வந்த முதியவர் ஒருவர் வெளியே நெடுநேரம் நின்று திரும்பிப் போனார். அன்றிரவே அம்மையார் இறந்துபோனார். மறுநாள் அடக்கத் திருப்பலியில் அம்முதியவர் நம் கையைப் பற்றி நன்றி சொன்னார். அந்நன்றியை இன்னும் நம்மால் தாங்க இயலவில்லை.

ஃபார்னம் வனம் 1928-இல் நகர மன்றத்தின் கைக்கு வந்தது. ஆயர்களின் மான்கள் மேய்ந்த ஏறத்தாழ 320 ஏக்கர் நிலத்தில் இன்று எவரும் தடையின்றி நடக்கலாம். நல்லாயன் தம்மை வாயிலுக்கு ஒப்பிட்டாரேயன்றி வேலிக்கு ஒப்பிடவில்லை. நம் இல்ல வாயிலில் இப்போது தாழ் இல்லை; மணி மட்டுமே தொங்குகிறது. நள்ளிரவாயினும் அதை அடியுங்கள்.