பாலாற்றங்கரையில் மீண்டும் நடப்போம்

வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தை நீங்கள் அறிவீர்கள். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பேருந்தில் அமர்ந்தபடியே பலமுறை கடந்திருப்பீர்கள். ஆம்பூரில் இறங்கி, சீரகச் சம்பா அரிசியில் ஆக்கிய பிரியாணியையும் அதற்குத் துணையாக வரும் கத்தரிக்காயையும் சுவைத்திருப்பீர்கள். ஆனால், இவ்வட்டாரத்தைக் காலால் நடந்து கண்டதுண்டா?

இவ்வூர்களில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் நாலைந்து பேராகச் சேர்ந்து நடப்பதும், மாலையில் ஒரு மன்றத்திலோ வீட்டுத் திண்ணையிலோ கூடிப் பேசுவதும், விடுமுறை நாளில் குடும்பத்தோடு மலைப்பக்கம் போய்வருவதும் நெடுநாள் வழக்கம். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது அவ்வழக்கம் ஒரே நாளில் நின்றது. தொழிற்சாலைகளின் சங்கொலி அடங்கியது. பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகை இல்லை. பூங்காக்கள் பூட்டப்பட்டன.

அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் வழிபாட்டுத் தலங்களையும் பூங்காக்களையும் மன்றங்களையும் கட்டுப்பாடுகளோடு திறக்கத் தமிழக அரசு அனுமதித்தது. 2021 மே மாதத்தில் இரண்டாம் அலை வந்து மீண்டும் எல்லாவற்றையும் மூடியது. பின்னர் மீண்டும் திறந்தன. அரசாணை கதவுகளைத் திறந்தது, உண்மைதான். ஆனால் கலைந்துபோன தோழமையை அரசாணையால் கூட்டித் தர இயலுமா? முன்னே நடந்து வழிகாட்டிய பெரியவர் சில குழுக்களில் இன்று இல்லை. சிலர் கைப்பேசியில் நலம் விசாரிப்பதோடு நின்றுவிட்டனர். ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டே ஆண்டுகளைக் கழித்தவர்களும் உண்டு. அப்படி நின்றுபோன ஒரு நடைக்குழு உங்கள் தெருவிலும் இருக்கலாம். இக்கட்டுரை அவர்களுக்காகவே.

கோட்டையின் ஓரமாக

முதல் நடைக்கு வேலூர்க் கோட்டையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. தரை சமமானது, முதியோரும் சிறுவரும் சிரமமின்றி நடக்கலாம். விசயநகர ஆட்சிக் காலத்தில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த இக்கருங்கற் கோட்டை 133 ஏக்கர் பரப்புடையது. சுற்றிலும் அகழி. உள்ளே ஜலகண்டேசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் கிறித்தவத் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் வீரமரணம் அடைந்தபின், அவருடைய மக்களும் குடும்பத்தாரும் இக்கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டனர். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆங்கிலேயர் விதித்த ஆணைகளை எதிர்த்து, 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்னரே இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் ஒன்றாக எழுந்ததும் இங்கேதான். ஆர்க்காட்டிலிருந்து விரைந்துவந்த குதிரைப்படை அன்றைய தினமே அவ்வெழுச்சியை அடக்கியது. அதன்பின் திப்புவின் புதல்வர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். இலங்கையில் கண்டி அரசின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரும் வேலூரிலேயே சிறையிருந்து 1832இல் மறைந்தார்.

அகழியோரம் நடக்கும்போது இவற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்ததை அவர்கள் அம்மதிலைத் தொட்டுப் பார்த்து அறிந்துகொள்ளட்டும்.

ஆற்றைக் கண்டு வருவோம்

இரண்டாம் நடையைப் பாலாற்றங்கரையில் வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் இந்த ஆற்றின் பெரும்பகுதி, அதாவது 222 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் உள்ளது. ஆயினும் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் நீங்கள் காண்பது மணலும் முட்புதரும்தான்.

வழியோரத்தில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியைக் கவனியுங்கள். இவ்வட்டாரத் தோல் தொழிலின் பழைய துணை அது. முன்னோர் ஆவாரம்பட்டையைக் கொண்டே தோலைப் பதனிட்டனர். பிற்காலத்தில் குரோமிய உப்பு வந்தது, உற்பத்தி பெருகியது, ஏற்றுமதி வளர்ந்தது. அதோடு ஆற்றுக்கும் கிணற்றுக்கும் கேடும் வந்தது.

இதைக் கண்டு சும்மா இராமல் நீதிமன்றத்தை நாடியது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வு விவரம் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்திய நாட்டுச் சட்டத்தில் அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் பயில்வோர் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர். எனினும் பிரச்சினை முடிந்துவிடவில்லை. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். தோல் தொழில் நமக்கு அந்நியமானதல்ல. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் பெண்களைப் பாருங்கள். காலணித் தொழிற்சாலைகள் அவர்களின் உழைப்பால் இயங்குகின்றன. தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும். இரண்டையும் காக்கும் வழியை, இவ்வூரில் வாழ்ந்து, ஆற்றை அடிக்கடி கண்டு, கூடிப் பேசும் மக்களே நாட முடியும். நீரின் நிறம் மாறியதையும் நுரை மிதப்பதையும் கரையில் கழிவு குவிந்ததையும் வாரந்தோறும் அவ்வழியே நடப்பவரல்லவா முதலில் காண்பார்?

2021 நவம்பரில் பெருமழை பெய்து பாலாறு இருகரையும் தொட்டு ஓடியது. வறண்ட மணலை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைகள் அன்றுதான் அதை ஆறாகக் கண்டனர். அதே ஆறு 1903 நவம்பரில் வாணியம்பாடியில் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோனதை அவ்வூர் முதியோர் தம் முன்னோர் வாயிலாக அறிவர். ஆற்றை மறந்து வாழ்வது எத்தனை ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மலைப் பாதைகள்

கால் பழகிய பின் மலையேறலாம். ஜோலார்பேட்டைக்கு அருகே ஏலகிரி மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். மேலே புங்கனூர் ஏரியைச் சுற்றி நடப்பது குடும்பத்தோடு செல்வோருக்கு ஏற்றது. இளைஞர்கள் சுவாமிமலை உச்சிக்கு ஏறலாம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. 1988இல் இங்கே கண்டறிந்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

காட்டுக்குள் செல்லும் பாதையென்றால் வனத்துறையின் அனுமதி இன்றியமையாதது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் மாண்டதை நாம் மறக்கலாகாது. அரசே 2024 முதல் வழிகாட்டிகளோடு மலையேற்றப் பாதைகளை நடத்திவருகிறது. ஏலகிரி-சுவாமிமலைப் பாதையும் அவற்றுள் ஒன்று.

எப்படித் தொடங்குவது?

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பழைய குழுவில் இருந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். தொலைபேசியில் செய்தி அனுப்பி நிறுத்திவிடாமல் நேரில் சென்று கதவைத் தட்டுங்கள். தோழரை இழந்து தனித்துப்போன முதியவரின் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். அவருடைய மூச்சுக்கும் முழங்காலுக்கும் ஏற்பவே முதல் நாள் தூரத்தை அமையுங்கள். மறைந்தவர்களின் பிள்ளைகளையும் அழையுங்கள்.

சகோதரிகளே! இது ஆண்களுக்கு மட்டுமான காரியமல்ல. வீட்டிலிருந்தோர் அனைவரின் பாரத்தையும் ஊரடங்கில் சுமந்தவர்கள் நீங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நால்வர் சேர்ந்தாலே ஒரு குழுவாகிவிடும்.

வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டியதில்லை. கோடையில் விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நடையை முடித்துவிடுங்கள். மலைக்குச் செல்லக் கார்த்திகை முதல் மாசி வரையிலான நாட்களே உகந்தவை. தண்ணீரும் சிறிது பேரீச்சம்பழமும் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் குப்பையை ஆற்றில் விட்டுவராதீர்கள். நடை முடிந்ததும் ஒரு தேநீர்க்கடையில் கால்மணி நேரம் அமர்ந்து, வழியில் கண்டதைப் பேசுங்கள். கெட்டது கண்டால் எழுதி வையுங்கள். உரிய அதிகாரிக்கு அனுப்புங்கள்.

1991இல் நீதிமன்றப் படியேறியவர்களும் முதலில் இப்படி எங்கோ கூடிப் பேசியவர்களாகத்தானே இருந்திருக்க வேண்டும்! வரும் ஞாயிறு அதிகாலையில் இரண்டு பேராவது புறப்படுங்கள். மூன்றாமவர் வழியில் வந்து சேர்ந்துகொள்வார், இன்ஷா அல்லாஹ்.